ஒட்சியேற்றமும் அக்காவின் பன்னிரண்டு கரண்டிகளும்

1

போன வெள்ளிக்கிழமை இங்கே கோயில் மண்டபத்தில் அன்னதான வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பத்தொன்பது பேர். என் முறை வரும்போது கத்தரிக்காய்க் குழம்பு மிஞ்சுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது முன்னால் நின்றவர் திரும்பினார்.

"மாஸ்ரர், மூளைக்கு எந்த விற்றமின் திறம்? ஈயோ, சீயோ?"

"ஆருக்கு?"

"எனக்குத்தான். வர வர மறதி. வீட்டைப் பூட்டினால் திறப்பை வைச்ச இடம் தெரியுதில்லை."

"அதுக்கு விற்றமின் வேண்டாம். ஒரே ஆணியிலை கொழுவிப் பழகுங்கோ."

அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மனிதர் அதோடு விடவில்லை. குரலைத் தாழ்த்தி, "குறை நினையாதேங்கோ. உங்கடை அக்காவுக்கு வந்தது மாட்டு விசர் எண்டு சனம் கதைக்குது. அவ முட்டைகூடத் தொடாத மனுசியெல்லோ?" என்றார்.

நான் வரிசையை விட்டு விலகி வந்துவிட்டேன். குழம்பும் போயிற்று.

வருகிற கிழமை அக்காவின் ஆட்டத்திவசம், அவ போய் ஒரு வருடம். ஊரில் இதை வாசிப்பவர்களில் பலருக்கு அன்னலட்சுமி ரீச்சரைத் தெரியும். மட்டுவிலிலும் சாவகச்சேரியிலும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பாதிப்பேராவது அவவிடம் தையல் படித்திருப்பார்கள். அவவுக்கு வந்த நோய் என்ன, நான் அதற்கு என்ன கொண்டுவந்தேன், அது என்ன செய்தது என்பதை வதந்தியாக அல்லாமல் எழுத்தாக அவர்கள் அறிய வேண்டும். எனக்கு வயது அறுபத்தொன்பது. சாவகச்சேரியில் முப்பத்தொரு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன். எண்பத்து மூன்றுக்குப் பிறகு பிள்ளைகள் இழுக்க, எண்பத்து நான்கில் புறப்பட்டு வந்தேன். மனைவி இங்கே வந்து மூன்றாம் குளிரில் காலமானார். இப்போது இலண்டன் புறநகரில் மகள் சுகந்தியின் வீட்டில், சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டு விசர் இந்த நாட்டு மாடுகளுக்கு வந்த நோய். அக்காவுக்கு வந்தது மனிதருக்கு வரும் வேறொரு நோய். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் மனிதருக்கு வருவதை, மாடுகளுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். எதையும் தின்னாமலே, வருடத்துக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு அது தானாக வரும். இறைச்சிக் கடைக்கும் என் அக்காவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

2

போன வருடம் மாசி மாதம் கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வூதிய அலுவலாகக் கொழும்புக்கு வந்தவர், பேசினார். எங்கள் குடாநாட்டுக்கு நேரே தொலைபேசி கிடையாது. ஒருவர் கடலேரி கடந்து வந்தால்தான் செய்தியும் வரும்.

"மாஸ்ரர், அக்காவுக்குச் சுகமில்லை. மலர் உங்களுக்குச் சொல்லச் சொன்னது."

மலர் அக்காவின் ஒரே மகள். நாற்பது வயது. கணவன் கனடாவில், இவள் தாயை விட்டுப் போகாமல் மட்டுவிலில்.

"என்ன சுகமில்லை? காய்ச்சலோ?"

"இல்லை. சேலை உடுக்கத் தெரியேல்லையாம்."

எனக்கு விளங்கவில்லை. நாற்பது வருடம் மற்றவர்களுக்குச் சட்டை தைத்தவ அக்கா. நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பிள்ளையின் காதைத் திருகியவ. அவவுக்குச் சேலை உடுக்கத் தெரியவில்லை என்றால்?

மார்கழியில் நடை தள்ளாடத் தொடங்கியதாம். தையில் கிணற்றடிக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி கேட்டாவாம். இப்போது சிறு சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிப் போடுகிறதாம். சாவகச்சேரி வைத்தியர் மூன்று முறை வந்து பார்த்துவிட்டு, இரண்டு ஜேர்மன் வைத்தியர்களின் பெயரைச் சேர்த்துக் கட்டிய ஒரு நோயின் பெயரைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வந்து எழுத்தெழுத்தாக வாசித்தார். அந்தப் பெயரைச் சொல்லிப் பழக எனக்கு ஒரு கிழமை பிடித்தது. இங்கே சுருக்கமாகச் சி.ஜே.டி. என்பார்கள்.

"மருந்து?"

"மருந்து இல்லையாம், மாஸ்ரர்."

பேத்தி ஆரணி பக்கத்தில் நின்றாள். பதின்மூன்று வயது. அவளிடம் இருக்கும் தமிழில் நோய்க்கு ஒரு சொல்தான் உண்டு. "மட்டுவில் அம்மம்மாவுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறு எதைச் சொல்ல?

3

மருந்து இல்லை என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. மறுநாளே நூலகத்துக்குப் போனேன். வியாழக்கிழமைகளில் ஓய்வூதியக்காரருக்கென்று ஒதுக்கிய மேசையில் ஏழு கதிரைகள் உண்டு. ஐந்தில் தூங்குபவர்கள் இருப்பார்கள். ஆறாவதில் நான் உட்கார்ந்தேன்.

படித்தது இது. எங்கள் மூளைக் கலங்களின் மேல் ஒரு புரதம் உண்டு. எல்லாருக்கும் உண்டு. அது மடிந்திருக்கும் விதத்தில்தான் அதன் குணம். எப்போதோ ஒரு முறை, ஏன் என்று யாருக்கும் தெரியாமல், அது தவறாக மடிகிறது. தவறாக மடிந்தது பக்கத்தில் இருக்கும் நல்லதையும் தன்னைப் போலவே மடிக்கிறது. அதற்குப் பிரியோன் என்று பெயர். கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. மூளை கடற்பஞ்சு போல ஓட்டையாகிறது. மாதக்கணக்கில் ஆள் முடிந்துபோகிறார்.

இதை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடப் போனேன். ஆனால் அடுத்த பக்கங்களில் வேறொன்று கண்ணில் பட்டது. மூளை நோய்கள் பலவற்றில் ஒட்சியேற்றத்தால் சேதம் நடக்கிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது என் பாடம். மட்டுவில் கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதே, அது ஒட்சியேற்றம். நல்லெண்ணெய் நாட்பட்டுக் காறுகிறதே, அதுவும் ஒட்சியேற்றம். நீரை நீக்கிப் பார்த்தால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்பு. உடம்பு இழுக்கும் ஒட்சிசனில் பெரும் பங்கை அந்தச் சிறு உறுப்பு எடுத்துக்கொள்கிறது. கொழுப்பும் ஒட்சிசனும் ஒரு வீட்டில் இருந்தால் காறல் வராமல் இருக்குமா? ஒற்றை இலத்திரனோடு அலையும் துணிக்கைகள் கலத்தின் கொழுப்புச் சுவரைக் கடிக்கும். விற்றமின் ஈ அந்தத் துணிக்கைக்குத் தன்னிடமிருந்து ஓர் இலத்திரனைக் கொடுத்து அதை அடக்கும். கத்தரிக்காயைப் புளித்தண்ணீரில் போட்டு வைக்கும் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் அதற்கு எதிரொட்சியேற்றி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் குடும்ப வைத்தியர் ஓர் அயர்லாந்துப் பெண். பொறுமைசாலி. நான் எழுதிக் கொண்டுபோன ஒன்பது கேள்விகளையும் வாசித்தார்.

"இந்த நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டா என்று எனக்குத் தெரியாது," என்றார். "நீங்கள் சொல்லும் அளவில் கெடுதி செய்யாது. நன்மை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன்."

"செய்யாது என்றும் சொல்ல மாட்டீர்களா?"

"சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை."

எனக்கு அது போதுமாக இருந்தது. சுகந்திக்குப் போதவில்லை.

"அப்பா, சண்டை நடக்கிற இடத்துக்கு இந்த வயசிலை விற்றமின் கொண்டு போகப் போறியளே? சித்திரையிலை உங்களுக்குக் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் தந்திருக்கினம்."

"கண் பொறுக்கும். மூளை பொறுக்காது."

"பெரியம்மா... பெரியம்மா மாமியை நீங்கள் போய்த்தான் காப்பாத்த வேணுமே?" மகள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாள். மூத்த மாமி என்று சொல்லிக் கொடுத்தும் பெரியம்மா மாமி என்றே சிறு வயதில் சொல்லிப் பழகிவிட்டாள்.

"வேறை ஆர் போறது? நீ போறியோ?"

நான் இரண்டு பெரிய போத்தல் விற்றமின் ஈயும், நாலு போத்தல் சீயும் வாங்கினேன்.

4

போத்தல்களைக் குடாநாட்டுக்குக் கொண்டுபோகும் அனுமதிக்காகக் கொழும்பில் மூன்று மேசைகளுக்கு அலைந்தேன். முதல் மேசையில் இருந்தவர் விற்றமின் மருந்து என்றார். மருந்து என்றால் வைத்தியரின் கடிதம் வேண்டும். இரண்டாம் மேசைக்காரர் அது உணவு என்றார். உணவு என்றால் வேறு கட்டடம். மூன்றாம் மேசைக்காரர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேலை செய்யுமா?" என்று கேட்டார். தன் தாயாருக்கும் மறதியாம். திறப்பை ஆணியில் கொழுவச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முத்திரை குத்தித் தந்தார்.

வவுனியாவில் ஒரு இளம் ஆமிக்காரன் பையைக் கொட்டினான். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் நின்று மொழிபெயர்த்தார்.

"உள்ளுக்கை என்னவாம்?"

"எண்ணெய்," என்றேன். அதைச் சொன்னதுதான் பிழை. எரிபொருள் எண்ணெய் குடாநாட்டுக்குத் தடை.

"எண்ணெய் போகேலாதாம், ஐயா."

"இது விளக்குக்கு ஊத்திற எண்ணெய் இல்லை, தம்பி. கோதுமை முளையிலை எடுக்கிறது. முழுப் போத்தலையும் ஊத்தினாலும் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கடை வீட்டுப் படலை மட்டும் போகாது."

ஆமிக்காரன் போத்தலிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். பொன்னிறமாக, கண்ணாடி மணி போல இருந்தது. பிறகு அதை என் வாய்க்கு நேரே நீட்டினான். விழுங்கிக் காட்டினேன். அவன் சிங்களத்தில் எண்ணினான், நான் தமிழில் எண்ணினேன். போத்தலில் எழுதிய கணக்குக்கு ஒன்று குறைந்தது. "அது என்ரை வயித்துக்கை இருக்கு," என்றேன். மொழிபெயர்ப்புப் போய்ச் சேர்ந்ததும் அவனுக்கும் சிரிப்பு வந்தது. போகச் சொன்னான்.

கிளாலியில் கடலேரியைப் படகில் கடந்ததைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. நீங்கள் எல்லாரும் அதைக் கடந்தவர்கள். பையை மடியில் கட்டிக்கொண்டிருந்தேன், நனையவில்லை.

5

மலர் படலையடியில் நின்றாள். கையில் சாக்குத் துண்டு. படலையின் கொளுக்கி சத்தம் போடாமல் இருக்க அதைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மெல்லமா வாங்கோ, மாமா. சத்தம் கேட்டால் அம்மா துள்ளி விழுவா."

வீடு முழுவதும் அப்படித்தான் இருந்தது. கிணற்றுக் கப்பிக்குத் தேங்காயெண்ணெய். உலக்கையில் பழந்துணி. கோழிகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆனால் மேலே வரும் விமானத்துக்கு என்ன சாக்கைச் சுற்றுவது? அது வரும் நாட்களில் ஊர் பதுங்குகுழிக்குள் போகும். மலர் தாயின் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு கட்டிலோடு கிடப்பாள்.

அக்கா சாய்மனைக் கதிரையில் இருந்தா. பாதியாகிப் போயிருந்தா. கண் மட்டும் பழைய கண்.

"ஆர் உவர்? கோட்டுப் போட்டவர்?"

"நான்தான் அக்கா. ராசு."

"ராசுவுக்கு மீசை கறுப்பு," என்றா அக்கா. பிறகு மலரைப் பார்த்து, "உவருக்கு ரீ குடுத்து அனுப்பு. வட்டி கேட்டு வந்திருப்பார்," என்றா.

மலர் சிரித்தாள், நானும் சிரித்தேன். அக்காவின் வலது கைப் பெருவிரலும் சுட்டு விரலும் ஓயாமல் உருண்டுகொண்டிருந்தன. ஊசியில் நூல் கோர்க்கும் அசைவு. நூலும் இல்லை, ஊசியும் இல்லை.

போத்தல்களை மேசையில் அடுக்கினேன். ஒட்சியேற்றத்தை மலருக்கு விளக்கினேன். அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள், கெதியாய் விளங்கிக்கொண்டாள். வெயிலும் சூடும் எண்ணெயைக் கெடுக்கும் என்று சொன்னதும், குளிர்ப்பெட்டி இல்லாத ஊரில் போத்தல்களை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் தண்ணீருக்குச் சற்று மேலே தொங்கவிடலாம் என்று அவளே சொன்னாள். கிணற்றுக்குள் இறக்குவதற்கு முன் போத்தலின் சுற்றுத்தாளை வாசித்தாள். நின்றாள். மறுபடி வாசித்தாள்.

"மாமா, இதின்ரை உறை என்னத்தாலை செய்தது?"

"உறையோ? ஜெலற்றீன்."

"ஜெலற்றீன் என்னத்திலை எடுக்கிறது?"

முப்பத்தொரு வருடம் படிப்பித்தவன் நான். இந்தக் கேள்வியை ஒரு மாணவி கேட்டிருந்தால் நித்திரையிலும் விடை சொல்லியிருப்பேன். மாட்டின் எலும்பு, மாட்டின் தோல், கொதிக்க வைத்து எடுப்பது. இலண்டனில் பத்திரிகை திறந்தால் மாட்டு நோய். அந்த நாட்டிலிருந்து, அந்த நோயின் உறவுக்கார நோய்க்கு, மருந்தை மாட்டின் எலும்புக்குள் ஊற்றிக் கடல் கடந்து கொண்டு வந்திருக்கிறேன். வவுனியாவில் ஒன்றை விழுங்கியும் இருக்கிறேன்.

"மாடு," என்றேன்.

மலர் என்னைத் திட்டவில்லை. போத்தலை மேசையில் வைத்தாள்.

"அம்மா நல்ல நினைவோடை இருந்தால் உதை வாயிலை வைப்பாவே?"

"வைக்க மாட்டா."

"அப்ப, நினைவில்லாத ஆளுக்குக் களவாக் குடுக்கிறதோ?"

"மருந்துக்குத் தோசமில்லை எண்டு சொல்லுவினம்."

"ஆர் சொல்லுவினம்? அம்மா சொல்லுவாவோ?"

அக்கா சொல்ல மாட்டா. எங்கள் அப்பா சாகக் கிடந்தபோது ஆட்டுக்கால் ரசம் கொடுக்கச் சொன்ன பரியாரியைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வந்தவ அவ. நான் உட்கார்ந்து யோசித்தேன். உறைதான் மாடு, எண்ணெய் மரக்கறி. இரண்டையும் பிரித்தால் தீர்ந்தது. அக்காவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டேன். உருண்டையின் முனையில் குத்தி, கரண்டிக்கு மேல் பிடித்து நசித்தேன். இரண்டு துளி பொன்னிற எண்ணெய் விழுந்தது.

"கைபட்ட பிறகு?" என்றாள் மலர்.

"கையைக் கழுவிறன்."

"சரி. ஆனால் குத்தினதும் குடுத்துப் போட வேணும். காத்துப் பட்டால் காறும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

6

அடுத்த நாட்களின் ஒழுங்கு இது. காலையில் நாலு உருண்டை, ஊசிக் குத்து, கஞ்சியில் கலப்பு. மத்தியானம் சீ மாத்திரையைத் தூளாக்கி நெல்லிச் சாற்றில். பின்னேரம் மறுபடி ஈ. இடையில் முருங்கையிலைச் சாறு. வெறும் உறைகளை ஒரு சிரட்டையில் சேர்த்துப் பனையடியில் குழி தோண்டித் தாட்டேன். சமையலறைக்குள் ஒரு உறையும் போகவில்லை.

அக்கா சில காலைகளில் தெளிவாக இருப்பா. ஒரு நாள் என்னைக் கனநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ராசு, உன்ரை மீசைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டா. மருந்து பிடிக்கிறது என்று மலரிடம் சொன்னேன். மறுநாள் அக்காவுக்கு மலரையே தெரியவில்லை. இந்த நோயில் நல்ல நேரமும் கெட்ட நேரமும் மாறி மாறித்தான் வரும் என்று நூலகத்தில் நானே வாசித்திருந்தேன். வாசித்தது தலையில் இருந்தது. வைகாசியில் மனம் அதைக் கேட்கவில்லை. இரண்டு நல்ல காலைகள் வந்தால் அதை மருந்தின் பக்கத்தில் எழுதினேன், மூன்று கெட்ட காலைகள் வந்தால் நோயின் பக்கத்தில் எழுதினேன். வகுப்பில் இப்படி ஒரு பெடியன் செய்முறை அறிக்கை எழுதியிருந்தால் கிழித்துக் கையில் கொடுத்திருப்பேன்.

வைகாசி நடுவில் விழுங்குவது குறைந்தது. கரண்டியை வாய்க்குள் விட்டால் அப்படியே வைத்துக்கொண்டிருப்பா. பிறகு ஒரு பெரிய விழுங்கல். சில வேளை புரைக்கேறும். நெல்லிச் சாற்றுக்குத்தான் கூடுதலாக ஏறியது. முகம் நீலமாகும். மலர் முதுகைத் தடவுவாள். நான் அடுத்த கரண்டியுடன் காத்து நிற்பேன்.

ஒரு பின்னேரம் மலர் கரண்டியை என் கையிலிருந்து எடுத்துக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.

"மாமா, நீங்கள் எல்லாத்தையும் எண்ணிற ஆள். இதையும் எண்ணினனீங்களோ? ஒரு நாளைக்கு அம்மா பன்னிரண்டு கரண்டிக்கு மேலை விழுங்கிறா இல்லை. அதிலை ஒன்பது உங்கடை மருந்து. எனக்கு மிஞ்சிறது மூண்டு."

"உனக்கோ?"

"எனக்குத்தான். என்ரை அம்மாவுக்கு விருப்பமானதைக் குடுக்கிறதுக்கு."

"விருப்பத்தைப் பேந்து பாக்கலாம், பிள்ளை. இப்ப நிப்பாட்டினால் நோய் ஓடும்."

"இப்ப மட்டும் நிண்டு கொண்டோ இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. கடல் கடந்து, மூன்று மேசை கடந்து, ஆமிக்காரனுக்கு முன்னால் விழுங்கி வந்தவனுக்கு வரத்தானே செய்யும். "அப்ப உன்ரை அம்மாவைச் சாகவிடச் சொல்லுறியோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. "அம்மா சாகிறாதான் மாமா. எப்பிடிச் சாகிறா எண்டதுதான் எங்கடை கையிலை இருக்கு," என்றாள்.

7

மறுநாள் சாவகச்சேரி வைத்தியர் சைக்கிளில் வந்தார். பெற்றோல் இல்லாத காலம். முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்தவர், சேட்டின் பின்பக்கம் முழுக்க வேர்வை. அக்காவைப் பார்த்துவிட்டு முற்றத்தில் வேப்பமர நிழலில் என்னோடு உட்கார்ந்தார். என் வாதம் முழுவதையும் அவிழ்த்தேன். கொழுப்பு, ஒட்சிசன், ஒற்றை இலத்திரன், எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மாஸ்ரர், நீங்கள் சொல்லுற இரசாயனத்திலை பிழை இல்லை," என்றார். "அந்த மூளைக்கை ஒட்சியேற்றம் நடக்குது எண்டு நானும் நம்பிறன். ஆனால் ஒரு வீடு எரிஞ்சால் புகையும் வரும். புகையாலையும் ஆள் மூச்சுத் திணறும். புகையை விசிறியாலை கலைச்சால் நெருப்பு அணையுமோ?"

"ஒட்சியேற்றம்தான் நெருப்பு எண்டால்?"

"எண்டால் நீங்கள் வெல்லுவீங்கள். புகையெண்டால் தோப்பீங்கள். எது எண்டு எனக்குத் தெரியாது. உலகத்திலை ஆருக்கும் இண்டைக்குத் தெரியாது."

"அப்ப தெரியிற மட்டும் குடுக்கலாம்தானே?"

"விழுங்கினால் குடுக்கலாம். நானும் உங்கடை இடத்திலை நிண்டால் கொண்டு வந்துதான் இருப்பன்." அவர் எழுந்து சைக்கிளைப் பிடித்தார். "ஆனால் அவவுக்கு இப்ப கிட்ட நிக்கிற ஆபத்து ஒட்சியேற்றம் இல்லை, மாஸ்ரர். ஒரு கரண்டி நெல்லிச் சாறு நுரையீரலுக்கை போறதுதான்."

அவர் போன பிறகு வெகுநேரம் அங்கேயே இருந்தேன். ஒரு பரிசோதனை என்றால் இரண்டு குழாய் வேண்டும். ஒன்றில் மருந்து போட வேண்டும், மற்றதில் போடாமல் விட வேண்டும். அப்போதுதான் ஏதாவது தெரியும். என்னிடம் ஒரு அக்காதான் இருந்தா. நான் எவ்வளவு கொடுத்தாலும், அவ எவ்வளவு விழுங்கினாலும், அதிலிருந்து உலகம் ஒன்றையும் அறியப் போவதில்லை. நானும் அறியப் போவதில்லை. அக்கா மட்டும் இருமுவா.

கிணற்றிலிருந்து வாளியை மேலே இழுத்தேன். கப்பி சத்தம் போடவில்லை. மிச்சப் போத்தல்களை அடுத்த முறை வைத்தியர் வந்தபோது அவருடைய பையில் வைத்தேன். எத்தனை மிச்சம் என்று எண்ணவில்லை.

"பன்னிரண்டும் உன்ரை," என்றேன் மலரிடம்.

"ஆறு ஆறாப் பிரிப்பம்," என்றாள் அவள். "நீங்களும் குடுங்கோ. மருந்து மட்டும் வேண்டாம்."

8

அக்கா ஆனி மாதம் போனா. நான் ஆடியில் இலண்டன் திரும்பினேன்.

வியாழக்கிழமைகளில் இன்னமும் நூலகத்துக்குப் போகிறேன். கேள்வியை நான் விடவில்லை. ஒட்சியேற்றம் நெருப்பா புகையா என்று யாராவது ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள். அதற்கு மூளைகள் வேண்டும். குடாநாட்டில் அக்காவின் மூளையைப் பார்க்க ஒரு கருவியும் இருக்கவில்லை. இங்கே எல்லாம் இருக்கிறது. ஆகவே அயர்லாந்து வைத்தியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்: எனக்கு இந்த நோய் வந்தால் எந்த மருந்தையும் என்னில் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு குழாயில் எந்தக் குழாயாகவும் நான் இருப்பேன். செத்த பிறகு மூளையை எடுக்கலாம். சுகந்திக்கு இது பிடிக்கவில்லை. முழு உடம்பாக எரிக்க வேண்டும் என்கிறாள். அவளோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். வெல்வேன். ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருக்கிறேன். விழுங்கல் குறைகிற நாளில் மருந்து நிற்க வேண்டும்.

நோயின் பெயரை மறைக்க மாட்டேன். இன்று கோயிலில் அந்த மனிதரைத் தேடிப் பிடித்து, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்கச் சொன்னேன். மாடு இல்லை, இறைச்சி இல்லை, செய்வினை இல்லை, தவறாக மடிந்த ஒரு புரதம் என்று. இப்படி வெளியில் சொன்னால் குடும்பத்துப் பிள்ளைகளின் கலியாணம் கெடும் என்று ஒருவர் என் கையைப் பிடித்தார். கையை உதறினேன்.

நேற்று ஆரணி என் அறைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் தொடங்கியிருக்கிறாள். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகக் கேட்டாள்.

"அம்மப்பா, அந்த விற்றமின் வேலை செய்ததா?"

"தெரியாது," என்றேன்.

"அது ஒரு விடையா?"

"உண்மையான விடை."

அவளுக்கு அது போதவில்லை. என் பக்கத்தில் வந்து இருந்தாள். ஆகவே ஆனி மாதத்தின் ஒரு பின்னேரத்தைச் சொன்னேன். இதற்கு முன் அதை யாருக்கும் சொன்னதில்லை.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுக்கும் காலம். மலர் ஒரு பழத்தைத் தோல் சீவித் தந்தாள். நான் அதைப் பிசைந்து, தோய்த்த வேட்டித் துணியில் வடித்து, நார் ஒன்றும் இல்லாமல் எடுத்தேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் சமையல் அதுதான். அக்கா மூன்று நாளாக ஒரு சொல்லும் பேசவில்லை. கண் கூரையில் இருந்தது. அரைக் கரண்டி எடுத்து உதட்டில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாக்கு வெளியே வந்து உதட்டை நக்கியது. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. புரைக்கேறவில்லை. உருண்டுகொண்டேயிருந்த அந்த இரண்டு விரலும் நின்றன.

பிறகு அக்கா வாயைத் திறந்தா. பெரிதாக, குருவிக் குஞ்சு போல. திறந்தபடியே காத்திருந்தா.

நான் அடுத்த கரண்டியை எடுத்தேன்.